முடக்குவாதமும் நம் கடமையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. உயிர்வேதியியல்)

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர். அச்செல்வம் எல்லோர்க்கும் வாய்த்துவிடுவதில்லை. நோய் வந்தவிடத்துச் செய்யத்தக்கது யாது என்பதைத் திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் வகுத்துரைக்கிறார். நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அவர் கருத்து. உழைச்செல்வான் என்பவன் நோயாளியின் அருகிலிருந்து மருந்தூட்டிப் பேணுபவன். முதல் மூன்றையும் பற்றி நாம் நாள்தோறும் பேசுகிறோம், நான்காமவனை மறந்துவிடுகிறோம். சில நாள்களில் தீர்ந்துவிடும் காய்ச்சலில் அவனுக்கு வேலை குறைவு. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நோயிலோ மருத்துவத்தின் பாதிச் சுமை அவன் தோளில்தான் இருக்கிறது. அத்தகைய நோய்களுள் ஒன்றான முடக்குவாதத்தைப் பற்றியும், அந்நோயாளரை இல்லத்தில் பேணும் முறையைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

நோயின் இயல்பு

மூட்டில் வலி எடுத்தால் அதனை ‘வாதம்’ என்றோ ‘வாய்வு’ என்றோ ஒரே சொல்லால் குறிப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் மூட்டையும் அதனைச் சார்ந்த திசுக்களையும் பற்றும் நோய்கள் நூற்றுக்கு மேற்பட்டவை என மருத்துவ நூல்கள் கூறுகின்றன. முதுமையில் முழங்கால் மூட்டுத் தேய்வதால் வரும் வலி ஒன்று. யூரிக் அமிலப் படிகங்கள் தங்குவதால் கால் பெருவிரல் திடீரெனச் சிவந்து வீங்குவது மற்றொன்று. 2006ஆம் ஆண்டில் தமிழகத்தில் பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சலுக்குப் பின் பலரை மாதக்கணக்கில் வாட்டிய வலி வேறொன்று. முடக்குவாதம் இம்மூன்றினின்றும் வேறுபட்டது.

நம் மூட்டுகளில் எலும்பின் முனைகளைக் குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. மூட்டைச் சுற்றியுள்ள உறையின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. வண்டி அச்சுக்கு இடும் மசகு போல, வழவழப்பான நீரைச் சுரந்து மூட்டு உராயாமல் காப்பது அதன் பணி. கிருமிகளை அழிக்க வேண்டிய உடலின் தடுப்பாற்றல், இந்நோயில் அச்சவ்வையே பகையெனக் கருதித் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். தாக்குண்ட சவ்வு தடித்து வீங்கி, குருத்தெலும்பின் மேல் படர்ந்து, அதனையும் அடியிலுள்ள எலும்பையும் அரிக்கிறது. மூட்டைப் பிணைத்திருக்கும் நார்கள் தளர்கின்றன. விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து கோணுகின்றன. ‘முடக்குவாதம்’ என்ற பெயரின் பொருத்தம் அப்போது விளங்கும்.

1800ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லாந்த்ரே-போவே என்ற இளம் மருத்துவர் தம் ஆய்வேட்டில் இந்நோயைத் தனியொரு நோயாக விவரித்தார். இன்று மருத்துவ உலகில் வழங்கும் ‘ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ என்ற பெயரை 1859இல் இங்கிலாந்தின் ஆல்பிரட் காராட் சூட்டினார். 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. அவர்களுள் 100க்கு 70 பேர் பெண்கள். ‘மூட்டு நோய் கிழவர்களுக்கு வருவது’ என்ற எண்ணம் இங்குப் பொருந்தாது. குழந்தையை இடுப்பில் சுமக்கும் வயதிலும், வயலிலும் அடுப்படியிலும் உழைக்கும் வயதிலுமே பல பெண்களை இது பற்றிக்கொள்கிறது.

காலை நேரத்து விறைப்பு

இந்நோயை மற்ற மூட்டு வலிகளினின்றும் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் சில உண்டு. கை விரல்களின் அடி மூட்டு, நடு மூட்டு, மணிக்கட்டு, கால் விரல்களின் அடி மூட்டு ஆகிய சிறு மூட்டுகளை இது முதலில் பற்றுகிறது. பெரும்பாலும் இரு பக்கமும் ஒருங்கே வீங்கும். இவற்றினும் சிறந்த அடையாளம் காலை விறைப்பாகும். உறங்கி எழுந்ததும் விரல்களை மடக்க இயலாது. தேய்மான வலியிலும் விறைப்பு உண்டாயினும் அது அரைமணி நேரத்திற்குள் விலகிவிடும். வேலை செய்யச் செய்ய வலி கூடும். முடக்குவாதத்தில் விறைப்பு ஒரு மணி நேரத்திற்கு மேலும் நீடிக்கும். கை கால்களை அசைத்துப் புழங்கப் புழங்கச் சற்றே தளரும்.

இந்த இயல்பினால் நோயாளர்க்கு ஏற்படும் துன்பம் ஒன்றை நூல்களினும் நம் வீடுகளே நன்கு காட்டும். என் தாயாருக்கு இந்நோய் கண்டு ஆறாண்டுகள் ஆகின்றன. பூச்சரம் தொடுப்பது அவர் தொழில். விடியலில் மொட்டு வந்து இறங்கும். வெயில் ஏறுமுன் தொடுத்து முடித்தால்தான் முழத்துக்கு உரிய கூலி கிடைக்கும். விரல் மடங்காத அந்த இரண்டு மூன்று மணி நேரமும் அவருடைய வேலை நேரமாகவே அமைந்துவிட்டது. பத்து மணிக்கு மேல் விரல் இளகி அவர் பாத்திரம் துலக்குவதைக் கண்டவர்கள், “நன்றாகத்தானே இருக்கிறாள், காலையில் மட்டும் என்ன நோய்?” என்றனர். சோம்பல் என்ற பழிச்சொல்லும் சேர்ந்தது. வீக்கத்தைவிட அச்சொல் அவரை அதிகம் வருத்தியது என்பதை நான் அறிவேன்.

ஆதலின், முடக்குவாத நோயாளரைப் பேணுதலின் முதற்படி மருந்தன்று. அவர் சொல்வதை நம்புதலே ஆகும். வலி என்பது பிறர் கண்ணுக்குப் புலப்படாதது. அது காலையில் மிகுந்து பகலில் தணிவது நோயின் இலக்கணமேயன்றி நோயாளரின் நடிப்பு அன்று. இதனை வீட்டார் உணர்ந்தால், காலை வேலைகளுள் சிலவற்றை முற்பகலுக்குத் தள்ளிவைத்தோ, தாமே பகிர்ந்துகொண்டோ பாதித் துன்பத்தைக் குறைத்துவிடலாம்.

காலம் தாழ்த்தலாகாது

சிறு மூட்டுகளில் வீக்கமும் காலை விறைப்பும் ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் செல்வதில் சுணக்கம் கூடாது. ஏனெனில் எலும்பின் அரிப்பு நோய் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே நேர்ந்துவிடக்கூடும். வீங்கிய மூட்டை வற்றச் செய்ய மருந்து உண்டு. அரித்துப்போன எலும்பைப் பழைய நிலைக்குக் கொணர மருந்து இல்லை.

மருத்துவர் இரத்தத்தில் ‘ருமட்டாய்டு காரணி’, ‘சி.சி.பி. எதிர்ப்பொருள்’ முதலியவற்றைச் சோதிப்பார். இவை தென்படாத நோயாளரும் உண்டு. எனவே சோதனைத் தாளை மட்டும் பார்த்து ‘நோய் இல்லை’ என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிடக் கூடாது. சென்னையிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இத்தகைய நோய்களுக்கெனத் தனித்துறையே இயங்குகிறது. பிற ஊரினர் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவை முதலில் அணுகலாம்.

மருந்துகளின் கதை

இந்நோய்க்கான மருந்துகள் தோன்றிய வரலாறு சுவையானது. வில்லோ மரப்பட்டையின் வழிவந்த சாலிசிலிக் அமிலத்தை மாற்றியமைத்து 1897இல் ஜெர்மனியின் பேயர் ஆய்வுக்கூடத்தில் ஆஸ்பிரின் ஆக்கப்பட்டது. அது வலியைத் தணித்ததேயன்றி மூட்டின் அரிப்பைத் தடுக்கவில்லை.

அடுத்து வந்தது கார்ட்டிசோன். அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச், கருவுற்ற காலத்திலும் மஞ்சட்காமாலை கண்ட காலத்திலும் முடக்குவாதம் தற்காலிகமாகத் தணிவதைக் கவனித்தார். உடலில் சுரக்கும் ஏதோ ஒரு பொருளே காரணமாதல் வேண்டும் என்று கருதி ஆய்ந்தார். 1948 செப்டம்பரில் இந்நோயால் வருந்திய 29 வயதுப் பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் ஊசி செலுத்தப்பட்டது. சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் பெரிய அளவில் நெடுநாள் உட்கொண்டால் முகம் உருண்டு, எலும்பு மெலிந்து, சர்க்கரை கூடும் என்பது விரைவில் தெரியவந்தது. அமுதமும் அளவோடு இருக்க வேண்டும் என்ற பாடத்தை மருத்துவ உலகம் கற்றது.

இன்று இந்நோய்க்கு அடிப்படை மருந்தாக விளங்குவது மீத்தோட்ரெக்சேட். இதன் கதையில் நமக்கு நெருங்கிய பெயர் ஒன்று வருகிறது. அவர்தாம் எல்லாப்பிரகத சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதர் அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றவர். உயிர்வேதியியல் மாணவர்கள் பாஸ்பரசின் அளவைக் காண நீல நிறம் தோன்றச் செய்யும் ‘பிஸ்கே–சுப்பாராவ் முறை’ 1925இல் அவர் ஹார்வர்டில் இருந்தபோது வெளியிடப்பட்டதாகும். பின்னர் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. அதன் வடிவை ஒத்து, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் உருவாக்கியது. மீத்தோட்ரெக்சேட் அவற்றுள் ஒன்று. சுப்பாராவ் 1948இல் மறைந்தார். முதலில் இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கப்பட்ட இவ்வகை மருந்து, மிகக் குறைந்த அளவில் மூட்டு நோயையும் அடக்கும் என்பது பின்னரே தெளிவாயிற்று. 1988இல் அமெரிக்க அரசு முடக்குவாதத்திற்கு இதனை ஏற்றது.

மீத்தோட்ரெக்சேட்டின் பக்கவிளைவைக் குறைக்க மருத்துவர்கள் போலிக் அமில மாத்திரையையும் உடன் எழுதித் தருவர். என் தாயார் விழுங்கும் இவ்விரு மாத்திரைகளும், பட்டம் மறுக்கப்பட்ட ஒரு சென்னை மாணவரின் ஆய்வுக்கூடத்தோடு தொடர்புடையவை என்று அறிந்த நாளில் என் பாடப்புத்தகம் எனக்குப் புதிதாகத் தோன்றியது.

1990களில் தடுப்பாற்றலின் குறிப்பிட்ட தூதுப் பொருள்களை மட்டும் தடுக்கும் ‘உயிரியல் மருந்துகள்’ வந்தன. இவை சக்தி வாய்ந்தவை, விலையும் மிகுந்தவை. பழைய மருந்துகளுக்கு நோய் கட்டுப்படாதபோது மருத்துவர் இவற்றை நாடுவர். உடலில் உறங்கும் காசநோய் இவற்றால் விழித்துக்கொள்ளக்கூடும் ஆதலால் முன்னதாகச் சோதனை செய்வது முறை.

மருந்தூட்டுவோர் அறிய வேண்டியவை

இங்குதான் உழைச்செல்வானின் பணி உயிர்காக்கும் பணியாகிறது. முடக்குவாதத்திற்கு மீத்தோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டிய மருந்து. ‘மாத்திரை என்றால் நாள்தோறும்’ என்ற பழக்கத்தால் அன்றாடம் விழுங்கினால் வாயில் புண் கண்டு, இரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஊறு நேரும். மாத்திரை அட்டையில் இருப்பதோ ஆங்கில எழுத்து. அதுவும் கடுகளவு எழுத்து. எழுத்தறியாத நோயாளர் அதனை எங்ஙனம் அறிவார்?

இதற்கு எங்கள் வீட்டில் கையாளும் முறை எளிது. சுவரில் தொங்கும் நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைத் தாள் சிவப்பில் அச்சாகியிருக்கும். ஆனால் பொங்கல் முதலிய விடுமுறை நாள்களும் சிவப்பே. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், மாதத் தொடக்கத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுத் தாளிலும் ஒரு பெரிய வட்டமும், போலிக் அமிலம் உட்கொள்ள வேண்டிய நாளில் ஒரு முக்கோணமும் வரைந்து வைக்கிறோம். தாளைக் கிழிக்கும்போது வட்டம் கண்டால் ஒரு டப்பா, முக்கோணம் கண்டால் மற்றொரு டப்பா. இரண்டின் மூடியிலும் அதே குறிகள் உண்டு. பிற நாள்களில் வட்டக்குறி டப்பாவைத் தொடுவதில்லை.

மேலும் சில குறிப்புகளை நினைவில் கொள்ளுதல் நலம்.

1. மீத்தோட்ரெக்சேட் உட்கொள்வோர்க்கு மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் இரத்தம், கல்லீரல் சோதனைகள் தவறாது செய்யப்பட வேண்டும். மது அறவே கூடாது. கருவுற்றோரும் கருவுற விழைவோரும் இதனை உட்கொள்ளலாகாது. திருமணத்திற்கு நிற்கும் பெண்ணாயினும் கூச்சமின்றி இதனை மருத்துவரிடம் பேச வேண்டும்.

2. காய்ச்சல், வாய்ப்புண், விடாத இருமல், மூச்சுத்திணறல் கண்டால் அடுத்த வேளை மருந்துக்கு முன் மருத்துவரைக் காண வேண்டும்.

3. வலி மாத்திரைகளை வெறும் வயிற்றில் விழுங்கலாகாது. கடையில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரும்.

4. ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாகக் கூட்டுவதும் தவறு. திடீரென நிறுத்துவது அதனினும் பெருந்தவறு. வெளியிலிருந்து வந்த மருந்துக்குப் பழகிய உடல் தானே சுரப்பதை மறந்திருக்கும்.

5. பெயரும் உட்பொருளும் எழுதப்படாத பொடிகளை நம்பலாகாது. என் தாயார் நோயின் முதலாண்டில் பக்கத்து ஊரில் ஒருவரிடம் அத்தகைய பொடி வாங்கி உண்டார். மூன்று நாளில் வலி பறந்தது. மூன்று மாதத்தில் முகம் உருண்டது. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று பின்னர்ப் பார்த்த அரசு மருத்துவர் ஐயுற்றார். அதற்குள் ஓராண்டு கழிந்துவிட்டது.

மூட்டைக் காத்தல்

மருந்து நோயை அடக்கும். மூட்டைக் காப்பது அன்றாடப் பழக்கமே. பெரிய மூட்டு செய்யக்கூடிய வேலையைச் சிறிய மூட்டுக்குக் கொடுக்காதிருத்தல் இதன் அடிப்படை விதி. குடத்தை விரலால் கழுத்தைப் பற்றித் தூக்காமல் முன்கையால் அணைத்துத் தூக்கலாம். முழுக் குடத்திற்குப் பதில் இரண்டு அரைக்குடம் எடுக்கலாம். பையை விரலில் மாட்டாமல் தோளில் மாட்டலாம். கரண்டி, கத்தி இவற்றின் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கினால் விரல் இறுக மடங்க வேண்டியதில்லை. துணியை முறுக்கிப் பிழிவது, அம்மியில் அரைப்பது, முறுக்கு அச்சை அழுத்துவது ஆகியவற்றை வீட்டிலுள்ள ஆண்மக்கள் ஏற்றுக்கொண்டால் குடி முழுகிப் போகாது. தரையில் குந்தி அமர்வது முழங்காலுக்குக் கேடு. உயர்ந்த இருக்கையும், கழிப்பறையில் பிடித்தெழக் கைப்பிடியும் வேண்டும்.

காலை விறைப்புக்கு வெந்நீரில் கைகளைச் சிறிது நேரம் அமிழ்த்தி வைப்பது இதமளிக்கும். சிவந்து சூடாக வீங்கிய மூட்டுக்குக் குளிர் ஒத்தடம் ஏற்றது. வீக்கம் மிகுந்த நாளில் ஓய்வும், தணிந்த நாளில் பயிற்சியும் தேவை. முழுதும் படுத்துவிட்டால் தசை மெலிந்து மூட்டு இறுகும். இதமாக இருக்கிறதே என்று முழங்காலின் கீழ் எந்நேரமும் தலையணை வைத்துப் படுத்தால் கால் மடங்கிய நிலையிலேயே நின்றுவிடும். இந்நோய் கழுத்தின் மேல் எலும்புகளையும் தளர்த்தக்கூடுமாதலால், சுளுக்கெடுப்பவரிடம் சென்று கழுத்தைத் திருப்பி முறிப்பது பேராபத்து. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் இல்லம் தேடி வருகிறது; வெளியே செல்ல இயலாதோர் அது குறித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

உணவும் உள்ளமும்

உருளைக்கிழங்கு ஆகாது, புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது என்று ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் நோயாளர் உண்பதற்கு ஒன்றுமில்லாமல் செய்துவிடுவது நம்மவர் இயல்பு. அவ்வாறு விலக்க வேண்டிய பொதுப் பட்டியல் எதுவும் இல்லை. பருப்பு, கீரை, பால், மீன் ஆகியன அளவோடு சேர்ந்த உணவே நன்று. முடக்கறுத்தான் கீரையை அரைத்துத் தோசை வார்ப்பது நல்ல வழக்கம். அதனை உணவாகக் கொள்ளலாம், மருந்துக்கு மாற்றாகக் கொள்ளலாகாது. புகைபிடித்தல் இந்நோய் வருவதற்கும் முற்றுவதற்கும் துணைசெய்கிறது. எனவே வீட்டுத் திண்ணையில் பீடிப் புகையும் வேண்டா.

உள்ளத்தின் சோர்வு உடலின் நோய்க்குச் சிறிதும் குறைந்ததன்று. தொழில் கைவிட்டுப் போகுமோ, பிறர்க்குச் சுமையாவோமோ என்ற அச்சம் நோயாளரை அரிக்கும். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் ஏறத்தாழ 50 வயதில் இந்நோய்க்கு ஆளானார். கை கோணி, சக்கர நாற்காலியில் அமர்ந்தும் 1919இல் இறக்கும்வரை வரைந்தார். அவர் விரலிடுக்கில் தூரிகையைப் பொருத்தியவர்கள் வீட்டாரும் உதவியாளரும். பெரிய ஓவியத் துணியை உருளையில் சுற்றி, அவர் கைக்கு எட்டும் பகுதி முன்னே வருமாறு அமைத்தனர். “உன்னால் முடியாது, படுத்திரு” என்பது பேணுதல் அன்று. முடிந்ததைச் செய்வதற்கு வழி அமைத்துக் கொடுப்பதே பேணுதல். என் தாயாரும் இப்போது விடியலில் சரம் தொடுப்பதை விட்டு, முற்பகலில் மாலைக்குப் பூப் பிரிக்கும் வேலையை மேற்கொண்டுள்ளார். கூலி குறைவுதான், ஆயினும் அது அவருடைய கைப்பொருள்.

முடிவுரை

முடக்குவாதம் முற்றிலும் நீங்கும் நோய் அன்று. ஆயின் முறையான மருத்துவத்தால் அடங்கிக் கிடக்கும் நோய். முற்காலத்தில் முடங்கிய கைகளைப் போல இன்று முடங்க வேண்டியதில்லை. அதற்குத் தேவையான மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார். இடையே ஒரு பாலம் வேண்டும்.

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். மருந்துச் சீட்டைப் படிக்கவும், ‘வாரம் ஒருமுறை’ என்ற சொல்லைப் பெற்றோர்க்கு விளக்கவும், மருத்துவரிடம் அஞ்சாது ஒரு கேள்வி கேட்கவும் அவ்வீடுகளில் வாய்த்த முதல் ஆள் நாமே. பட்டம் கைக்கு வர இன்னும் ஆண்டு இருக்கலாம்; இப்பணிக்குப் பட்டம் வேண்டியதில்லை. இவ்வாரம் ஊருக்குச் செல்லும் நண்பர்கள், வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக. வீட்டில் யாரேனும் காலையில் விரல் மடங்கவில்லை என்று சொன்னால், அதனை நம்பி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார்களாக. வள்ளுவர் வகுத்த நான்கில் மூன்று ஏற்கெனவே இருக்கின்றன. நான்காவது இடம் நமக்காகக் காத்திருக்கிறது.